கல் அரிக்கும் காற்று

அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவருக்குக் கார்ட்லெஸ் வேக்குவம் கிளீனரின் பாதி சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி பேட்டரி. கடைக்காரர்கள் பேட்டரியையும் மோட்டாரையும் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். கல் அரிக்கிற பாதியைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். பந்தல்குடி மாதிரிப் புழுதி ஊரில் அந்தக் கருவி நிலைப்பதும் பரணுக்குப் போவதும் அந்தப் பாதியைப் பொறுத்தது என்பது என் கட்சி.

இப்போது அரிசி கல் நீங்கிப் பையில் வருகிறது. கேமரா வைத்து நிறம் பார்த்து, கல்லையும் கறுத்த அரிசியையும் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின்கள் அரிசி ஆலைகளுக்கு வந்துவிட்டன. அரிக்கஞ்சட்டியைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை அடுப்படிக்கு வந்திருக்கிறது. அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது உள்பக்கம் வரிவரியாகக் கோடு இழுத்த மண்சட்டி. களைந்த அரிசியை அதில் போட்டு, மேலே நிற்கும்படி தண்ணீர் விட்டு, சட்டியைச் சாய்த்துப் பிடித்து ஆட்ட வேண்டும். அரிசி எழும்பித் தண்ணீரோடு சுற்றும். சுற்றுகிற வேகத்திலேயே அதைப் பக்கத்துப் பாத்திரத்தில் சாய்க்க வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டல், மறுபடி சாய்ப்பு. கடைசியில் அடியில் ஒரு பிடி அரிசி மிஞ்சும். கல் எல்லாம் அந்தப் பிடிக்குள் இருக்கும்.

கைப்பழக்கத்துக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒரே பருமனுக்கு எடை பார்த்தால், அரிசி தண்ணீரைப் போலச் சுமார் 1.4 மடங்கு, கல் சுமார் 2.6 மடங்கு. வெளியில் கல் அரிசியைவிட இரண்டு பங்கு கனம்கூட இல்லை. அதனால்தான் அரிசி அளவுக்கே இருக்கும் குறுணிக்கல் முறத்தில் புடைத்தால் போகாது. தண்ணீருக்குள் இறங்கியதும் இரண்டும் ஒரே அளவு எடையை இழக்கின்றன. மிச்சம் அரிசிக்கு 0.4, கல்லுக்கு 1.6. நாலு மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. கல் படுக்கிறது, அரிசி மிதந்து போகிறது.

ஆனால் ஆட்டுகிற கை சரியாக இருக்க வேண்டும். சோம்பலாக ஆட்டினால் அரிசியும் கல்லோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துகொள்ளும். அவசரமாகச் சாய்த்தால் கல்லும் சேர்ந்து சோற்றுக்குப் போய்விடும். சட்டி எத்தனை நேர்த்தி என்பதைவிட ஓட்டம் எத்தனை சீர் என்பதில்தான் காரியம் இருக்கிறது. மெஷினுக்குள்ளும் இதே கதைதான். அங்கே தண்ணீருக்குப் பதில் காற்று ஓடுகிறது.

அந்தக் காற்றை ஓட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விசிறிச் சக்கரம். மிக்சி மோட்டார் நிமிடத்துக்கு 18,000, 20,000 சுற்று போகும். உயர்ந்த ரகக் கார்ட்லெஸ் கருவிகளில் மோட்டார் ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுகிறது. மிக்சியில் தேய்ந்து தீப்பொறி விடும் கார்பன் பிரஷ் இதில் கிடையாது. நியோடைமியக் காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்களுக்கு மின்னணுச் சில்லு ஒன்று முறை போட்டு மின்சாரம் விடுகிறது. நாலு சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் லட்சம் சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் பாயும். அது ஒலியின் வேகத்தில் பாதியைத் தாண்டிய வேகம். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணல் துகள் அந்த விளிம்பில் போய் மோதினால் என்ன ஆகும் என்பது பிறகு வேண்டியிருக்கும்.

விசிறி தன் பக்கத்துக் காற்றைப் பின்னால் தள்ளி வெளியேற்றுகிறது. அதற்கு முன்னால் அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று அந்தக் குறைவை நிரப்பக் குழாய் வாய் வழியாகப் பாய்கிறது. பாய்கிற போக்கில் தரைத்தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், தூசியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது நம் வீட்டுக் காற்றுதான்.

இது தெரிந்தால் அட்டைப் பெட்டி மேல் இருக்கும் பெரிய எண்ணுக்கு மயங்கமாட்டோம். ‘20,000 பாஸ்கல் உறிஞ்சு விசை’ என்று போட்டிருப்பார்கள். இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் விசை அது, பொய் இல்லை. ஆனால் அந்த உச்ச எண் கிடைப்பது குழாய் வாயை முழுக்க அடைத்து வைத்திருக்கும்போது. அடைத்த வாயில் காற்று ஓடாது, காற்று ஓடாத இடத்தில் தூசி ஏறாது. வாயைத் திறந்துவிட்டால் ஓட்டம் உச்சத்துக்குப் போகும், விசை இறங்கும். வேலை நடப்பது இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில். விசை, ஓட்டம் இரண்டையும் பெருக்கி வருகிற ‘ஏர் வாட்’ என்ற கணக்கைப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். பாஸ்கலை மட்டும் கூவுகிறவர் பாதிக் கதை சொல்கிறார்.

இன்னொன்று. குழாய் அடைத்ததும் மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும். பாவம், சிரமப்படுகிறது என்று நினைப்போம். தள்ளுவதற்குக் காற்று கிடைக்காமல் சுமை குறைந்து வெறுமனே சுற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த மோட்டாரைக் குளிர வைப்பதும் அதே காற்றுதான் என்பதால் சும்மா சுற்றினாலும் சூடேறும். பல கருவிகள் அந்த நிலையில் விட்டுவிட்டு ஓடி எச்சரிக்கும், பிறகு தாமாகவே நின்றுவிடும். மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு மிட்டாய்த்தாள் குறுக்கே கிடக்கும்.

சரி, தூசி கலந்த காற்று குடுவைக்குள் வந்துவிட்டது. இனிதான் அரித்தல். குடுவையின் வாய் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். காற்று சுவரை ஒட்டியபடி நுழைந்து சுற்றத் தொடங்கும். சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கி, அடியில் திரும்பி, நடுவழியாக மேலே ஏறி வெளியே போகும். மணல், முடி, அரிசிக் குருணை மாதிரிக் கனமானவை காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் சுவரில் மோதி அடியில் விழுகின்றன. சட்டியைச் சாய்க்கும்போது தண்ணீர் திரும்புகிறது, கல் திரும்புவதில்லை, அதே காரியம்.

ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் நமக்குச் செய்துகொடுத்த உதவியைக் காற்று செய்யாது. அரிசியின் எடையைத் தண்ணீர் பெரும்பங்கு தாங்கிக்கொண்டது. காற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. அதனால் மெதுவாக ஆட்டிப் பிரிக்க முடியாது, வெறித்தனமாகச் சுற்ற வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் காற்றை இரண்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள கூம்புக்குள் சுற்றவிட்டால், அதிலுள்ள துகளைச் சுவர்ப்பக்கம் தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல இரண்டாயிரம் மடங்காகிறது. ஆரம் சிறுக்கச் சிறுக்க இந்த விசை கூடும். விலை கூடிய கருவிகளின் தலையில் ஒரு பெரிய கூம்புக்குப் பதில் சின்னச் சின்னக் கூம்புகள் வட்டமாக நிற்பது இதற்காகத்தான். சின்னக் கூம்பு கொஞ்சம் காற்றைத்தான் தாங்கும், ஆகவே பத்துப் பதினைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள்.

ஜேம்ஸ் டைசன் என்ற ஆங்கிலேயர் இதை வீட்டுக் கருவிக்குள் கொண்டுவந்தவர். மர அறுவை ஆலையின் கூரை மேல் தூள் பிரிக்க நின்ற பெரிய கூம்பைப் பார்த்து 1970களின் கடைசியில் யோசனை பிடித்தார். 5,127 மாதிரிகள் செய்து பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1986-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சொந்தப் பெயரில் 1993-இல் பிரிட்டனில்.

கூம்பைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பந்தல்குடிச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆர்.ஆர். நகர் ராம்கோ சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 1960களின் ஆரம்பத்தில் உற்பத்திக்கு வந்த இடம் அது. உலர்முறை சிமெண்ட் ஆலை எதிலும் உயரமாக ஒரு கோபுரம் தெரியும்; அதற்குள் நாலு, ஐந்து, ஆறு அடுக்காக நிற்பவை இதே கூம்புகள், ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவுக்கு. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல்லைச் சூளையின் அனல்காற்றில் தூவுகிறார்கள். சூடேறிய மாவு கூம்பில் சுற்றிப் பிரிந்து அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது, காற்று மேலே போகிறது. இப்படி இறங்கி இறங்கி 800 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் 1,450 டிகிரி சூளைக்குள் நுழைகிறது. கூம்புகளுக்குத் தப்பிய மெல்லிய தூளை, கடைசியில் நூற்றுக்கணக்கான துணிப்பைகளோ மின்விசைத் தட்டுகளோ பிடிக்கின்றன. முதலில் கூம்பு, பிறகு வடிகட்டி. நம் வீட்டு மூலையில் சார்ஜில் தொங்குகிற கருவியும் இந்த வரிசையில் இருந்து ஓர் அடி மாறவில்லை.

ஏன் கூம்பு மட்டும் போதாது? கல்லெல்லாம் போன பிறகும் கழனித்தண்ணி வெள்ளையாகத்தானே இருக்கிறது! அதில் மிதப்பது அரிசி மாவுச்சத்தின் மணிகள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் வரும் மைக்ரான் கணக்கில் மூன்று முதல் எட்டு வரை இருக்கும். எத்தனை ஆட்டினாலும் அது பிரியாது. மாட்டுக்கு வைக்கிற தொட்டியில் ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்தால்தான் அடியில் படியும். துகளின் விட்டம் பாதியானால் அது படியும் வேகம் கால்பங்காகிவிடும் என்பது விதி. வீட்டுக் காற்றிலும் அப்படித்தான்: விளக்குமாறு கிளப்பிவிட்ட தூசியில் 10 மைக்ரான் துகள் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும், ஒரு மைக்ரான் துகள் மணிக்கணக்கில் மிதக்கும். பெருக்கி முடித்த வீட்டில் வெயில் கீற்று விழும்போது தெரிகிற கூட்டத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டம் நாம் சுவாசிக்கக் காத்திருக்கிறது.

அதைப் பிடிப்பது ஃபில்டர். இதைச் சல்லடை என்று நினைப்பது பொதுவான எண்ணம், அது சரியில்லை. நல்ல ஃபில்டரில் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பல துகள்களைவிடப் பெரிது. பெரிய துகள் இழையைச் சுற்றித் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது. அரிக்கஞ்சட்டிக் கல்லின் கதையே. நடுத்தரம் உரசிக்கொண்டு போகும்போது மாட்டுகிறது. மிக நுண்ணியது காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாடுவதால் நேராகப் போக முடியாமல் எங்காவது போய் ஒட்டுகிறது. இந்த மூன்றுக்கும் நடுவே நழுவப் பார்ப்பது 0.3 மைக்ரான் அளவு. அதனால்தான் ஹெப்பா ஃபில்டருக்கு 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் என்று தேர்வு வைக்கிறார்கள். கஷ்டமான கேள்வியில் தேறினால் மற்றவற்றிலும் தேறும். ஃபில்டர் தேறினாலும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை என்றால் காற்று சந்தில் ஓடிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூம்புக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு ஃபில்டர் கண்டிப்பாக இருக்கும். நொடிக்கு 200 மீட்டரில் பாயும் அந்த விளிம்பை மணல் துகளிடமிருந்து காப்பாற்றுவது அது. ஃபில்டரைக் கழற்றிவிட்டால் இழுவை பிரமாதமாக இருக்கிறது என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாள் பிரமாதமாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். பந்தல்குடிக்கு வருகிறேன்.

நம் ஊர்க் கரிசல் மண்ணில் களிமண் பங்கு அதிகம்; களிமண் துகள் என்றாலே இரண்டு மைக்ரானுக்குக் கீழே. அதிலும் மாண்ட்மோரில்லோனைட் என்ற வகை. அதன் துகள் ஏடு ஏடாக அடுக்கியது. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பதும் ஐப்பசி மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். இந்த மண் ஆடிக் காற்றில் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து உட்காருகிறது. மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலையின் புழுதியும், சுண்ணாம்புக்கல் தூளும், பருத்தி, மிளகாய், மல்லி காயும் காலத்துச் சருகும் கூடச் சேரும். அருப்புக்கோட்டைப் பக்கம் தறி ஓடும் வீடு என்றால் நூல்பஞ்சு தனி.

மணல் பூமியில் இருப்பவர் வீட்டுத் தூசியில் பெரும்பங்கைக் கூம்பே பிடித்துவிடும். நம் வீட்டுத் தூசியில் கழனித்தண்ணிப் பங்கு அதிகம். அது கூம்பைத் தாண்டி ஃபில்டரில் போய்ப் படியும். ஃபில்டர் அடைபட ஆரம்பித்தால் காற்றோட்டம் குறையும். ஓட்டத்தின் வேகம் பாதியானால் கூம்புக்குள் சுற்றும் விசை பாதி ஆவதில்லை, கால்பங்காகிறது. அப்போது முன்பு கூம்பிலேயே விழுந்த பருந்தூசியும் தப்பித்து ஃபில்டருக்கு வரும். ஃபில்டர் இன்னும் வேகமாக அடையும். ஓட்டம் இன்னும் குறையும். சோம்பல் கையால் ஆட்டிய சட்டி மாதிரி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ‘வாங்கின புதுசில நல்லா இழுத்துச்சு, இப்ப மோட்டார் வீக் ஆயிருச்சு’ என்று கேட்கும் புலம்பலில் பெரும்பாலும் மோட்டார் குற்றவாளி இல்லை. இந்தச் சுழல்தான்.

குடுவையில் இருக்கும் ‘மேக்ஸ்’ கோடும் அலங்காரத்துக்குப் போட்டதல்ல. அதற்கு மேல் தூசி ஏறினால், அடியில் திரும்புகிற காற்று படுத்த தூசியை மறுபடி எழுப்பிக் கொண்டுபோகும். ஆடி மாதத்தில் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கொட்டிவிடுவது நல்லது. கொட்டும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். தெரிந்த விஷயம்தான், ஆனாலும்.

ஃபில்டர் கழுவுவதுதான் நம் ஊர்க்காரர்கள் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. கையேட்டில் ‘குழாய்த் தண்ணீரில் கழுவுக’ என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். எழுதியவர் கரிசலைப் பார்த்திருக்கமாட்டார். தூசி நிறைந்த ஃபில்டரை நேரே தண்ணீரில் முக்கினால், மடிப்புகளுக்குள் இருக்கும் களிமண் ஊதி, சேறாகி, இழைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பிறகு எத்தனை அலசினாலும் முழுதாக வராது. முதலில் உலர்ந்தபடியே வெளியில் தட்ட வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தள்ள வேண்டும். இனித் தட்டினால் தூசி வரவில்லை என்ற பிறகுதான் தண்ணீர். அதுவும் உள்பக்கத்திலிருந்து வெளியே வரும்படி, சோப்பு இல்லாமல், தெளிவாக ஓடும்வரை. சில ஃபில்டர்கள் காகிதம் மாதிரி மடித்தவை. அவற்றைக் கழுவவே கூடாது என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு முழு நாள் நிழலில் காற்றாடக் காய வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் மேல்பக்கம் மொறுமொறுவென்று ஆகிவிடும். உள்மடிப்பு ஈரமாகவே இருக்கும். ஈரத்தோடு மாட்டினால் அடுத்த ஓட்டத்தில் வரும் கரிசல் தூசிக்கு நாமே தண்ணீர் வைத்துக் காத்திருந்த மாதிரி ஆகும். இரண்டாம் நாளே மெஷினைப் போட்டால் புழுங்கிய வாடை வரும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். சுண்ணாம்புக்கல் தூள் நனைந்தால் குழையும், காய்ந்தால் உதிரும். சிமெண்டும் சுவர்ப் பட்டித்தூளும் அப்படி இல்லை; ஈரம் பட்டால் இறுகிவிடும். பட்டி தேய்த்த வீட்டை இந்தச் சின்ன மெஷினால் சுத்தம் பண்ணினால் அன்றைக்கே ஃபில்டர் போய்விடும். அதற்குப் பெரிய டிரம் வைத்த மெஷின்கள் வேறே இருக்கின்றன. விறகடுப்புச் சாம்பலிலும் கை வைக்காதீர்கள். மேலே ஆறியிருக்கும், உள்ளே ஒரு கங்கு இருந்தால் போதும். குடுவைக்குள் காற்று ஊதி ஊதி அதைப் பற்றவைக்கும், பக்கத்திலேயே லித்தியம் பேட்டரி. தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத பட்டாசிலிருந்து சிந்திய மருந்து, மத்தாப்புத் தூள் இவற்றையும் ஈரத்துணியால் எடுங்கள், மெஷினைக் காட்டாதீர்கள். பட்டாசுத் தொழில் நடக்கும் இந்த மாவட்டத்தில் இதற்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடி சிந்தினால் அதுவும் வேண்டாம். தீ பிடிக்காது, ஆனால் ஃபில்டர் கொஞ்சம் ஒழுகினாலும் பின்பக்கக் காற்று வழியே வீடு முழுக்கக் காரம் பரவி எல்லோரும் வாசலில் நின்று தும்ம வேண்டியிருக்கும்.

பேட்டரிக்குக் கதை இல்லை, கணக்குத்தான். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் கட்டைக்குள் ஆறேழு லித்தியம் அயன் செல்கள் தொடராக இருக்கும். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால் 18650 என்று பெயர். ஒன்று 3.6 வோல்ட். ஏழு சேர்ந்தால் 25.2 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்று வைத்தால் மொத்தம் 63 வாட்-மணி. உச்ச வேகத்தில் 450 வாட் இழுத்தால் எட்டு நிமிடத்தில் காலி. மெதுவான வேகத்தில் 75 வாட் என்றால் ஐம்பது நிமிடம். பெட்டி மேல் ‘60 நிமிடம்’ என்று போட்டிருப்பது மெதுவான வேகத்துக்கு, அதுவும் சுழலும் பிரஷ் மாட்டாமல். இரண்டு அறையும் கூடமும் உள்ள வீட்டுக்கு நடு வேகமே போதும். உச்ச வேகத்தை மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் வைத்துக்கொள்ளலாம். மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். இழப்பையெல்லாம் சேர்த்தாலும் பன்னிரண்டு முறை சார்ஜ் போட்டால் ஒரு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள மாநிலத்தில் அது கணக்கிலேயே வராது.

கவலைப்பட வேண்டியது வெயிலுக்கு. லித்தியம் செல்லை வேகமாகக் கிழடாக்குவது சூடு. முழுச் சார்ஜோடு சூட்டில் கிடப்பது அதனினும் கேடு. சித்திரை, வைகாசி மதியத்தில் தகரக்கூரைக்குக் கீழே தொங்கவிட்ட மெஷின் 40, 45 டிகிரியைத் தாண்டியதும் சார்ஜே ஏற மறுக்கும். அது பழுதில்லை, தற்காப்பு. விடிகாலையிலோ ராத்திரியிலோ சார்ஜ் போடுங்கள். ஓட்டி முடித்துக் கொதித்துக்கொண்டிருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கப் போகிறீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். இப்படிப் பார்த்தால் சில நூறு சுற்றுகள் தெம்பாக வரும்.

வயர் இல்லாமல் வாழ்வது இந்தக் கருவிக்குப் புதிதாக வந்த சுகம். 1901-இல் லண்டனில் ஹூபர்ட் பூத் உருவாக்கிய முதல் மெஷின் குதிரைவண்டியில் தெருவில் நிற்கும்; நீளக் குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். 1907-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட ஜேம்ஸ் ஸ்பேங்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, மின்விசிறி மோட்டாரையும் விளக்குமாற்றுக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்துக் கட்டிய கருவிதான் பிறகு ஹூவர் ஆனது. கையடக்கக் கார்ட்லெஸ்ஸைப் பரவலாக்கியது பிளாக் அண்ட் டெக்கர் 1979-இல் கொண்டுவந்த டஸ்ட்பஸ்டர். நிலவின் தரையில் துளையிட அப்போலோ வீரர்களுக்குப் பேட்டரித் துளைக்கருவி செய்துகொடுத்த கம்பெனி அது. நம் நாட்டில் 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் வீடு வீடாக வந்து ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காலத்து வயர் மெஷினை எடுத்து, பிரித்து, பிளக் தேடி மாட்டி, நடுவில் மின்சாரம் போய்… விளக்குமாறே மேல் என்று ஆகிவிடும். ஆணியில் தொங்குவதைக் கையில் எடுத்தால் ஓடுகிறது என்பதுதான் கார்ட்லெஸ்ஸின் பெரிய பலம், மின்வெட்டிலும் ஓடும்.

அதற்காக விளக்குமாற்றை ஓய்வுக்கு அனுப்ப முடியாது. பக்கத்து வீட்டு மதினி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “இம்புட்டு ரூவாய்க்கு எத்தன வெளக்கமாறு வாங்கலாம்னு கணக்குப் பாத்தியா தம்பி?” என்றார்கள். கணக்கு சரிதான். வாசலும் முற்றமும் ஈர்க்கு விளக்குமாற்றுக்கு. மழைக்காலத்தில் செருப்போடு வந்து காய்ந்த கரிசல் கட்டிகளும் அதற்கே. கட்டியை மெஷினுக்குக் கொடுத்தால் உள்ளே உடைந்து மாவாகி நேரே ஃபில்டருக்குப் போகும். மெத்தை, மின்விசிறி இறக்கை, புத்தக அலமாரி, கட்டிலடி, ஜன்னல் கம்பி, மாடிப்படி மூலை: இவை மெஷினுக்கு. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் இந்தப் பங்கீடு வசதியைத் தாண்டிய விஷயம். விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கக் கூடாது என்ற விதி மெஷினுக்கும் பொருந்துமா என்று அதே மதினியிடம் கேட்டேன். சத்தம் போடாமல் ஓட்டினால் பொருந்தாதாம்!

தரையில் ஓடும் தலைப்பாகம் வாங்கும்போது பஞ்சு மாதிரி மெத்தென்ற ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள். முரட்டு நார் ரோலர் கம்பளத்துக்குச் செய்தது. டைல்ஸிலும் சிவப்பு சிமெண்ட் தரையிலும் அது மணலை முன்னால் எறிந்து விளையாடும். நீள முடியும் தறிநூலும் எந்த ரோலரிலும் சுற்றத்தான் செய்யும். வாரம் ஒருமுறை கழற்றி, நீளவாக்கில் கத்தரித்து எடுக்க வேண்டும். அச்சின் இரு முனையிலும் நூல் இறுகினால் ரோலர் மோட்டார் கருகும்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையோ பாஸ்கலோ இல்லை. பேட்டரி தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரியா, ஃபில்டர் தனியாகக் கிடைக்குமா, அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். பேட்டரி உடலோடு ஒட்டிய மெஷின் என்றால், பேட்டரி சாகும் அன்றைக்கு முழு மெஷினும் செத்ததாகிவிடும். செத்த பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, கேட்டு வாங்க வையுங்கள். ஃபில்டர் கிடைக்கும் என்றால் மெஷின் வாங்குகிற அன்றைக்கே கூட ஒன்று வாங்கிவிடுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும். ஈர ஃபில்டரை அவசரத்துக்கு மாட்டுகிற சபலம் வராது.